போர்வை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்

ஜஹீரா வேலை பார்த்த அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. 'வாசப்படி டாட் காம்' என்று பெயர். அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் அங்கே உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பணம் கட்டினால், இங்கே சென்னையில் இருக்கிற அப்பா அம்மாவுக்குக் கேக்கோ புடவையோ வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முதலாளி முதாசிர் அதற்கு முன் பல்லாவரத்தில் பேக்கரி வைத்திருந்தவர்.

2006-ஆம் வருடம் முதாசிர் பெங்களூர்க்காரர்களிடமிருந்து ஒரு மார்க்கெட்டிங் சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். யார் யாருக்கு என்ன வாங்கினார்கள் என்று பார்த்து, அடுத்து என்ன வாங்கலாம் என்று அதுவே கஸ்டமருக்கு மெயில் அனுப்பும். 'சென்ற தீபாவளிக்கு உங்கள் அம்மாவுக்கு இனிப்பு அனுப்பினீர்கள். இந்த முறை வெள்ளி விளக்கு அனுப்பலாமே?' என்று கேட்கும். ஆனால் அதன் போக்கில் விட்டால் கண்டபடி சொல்லும். அப்பாவின் திவசத்துக்கு மாலை வாங்கியவருக்குப் பிறந்தநாள் பலூன் சொல்லியது ஒருமுறை. அதற்குக் கடிவாளம் போடுவதுதான் ஜஹீராவின் வேலை. மாலை வாங்கியவர்களுக்கு பலூன் காட்டாதே, அறுபது வயதுக்கு மேலானவர்களுக்கு இதை முன்னால் வை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூல் எழுதிச் சேர்ப்பாள்.

அந்த சாஃப்ட்வேரில் இன்னொரு வசதியும் உண்டு. அதற்கென்று இருக்கிற சின்னக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் அதன் பிறகு கஸ்டமர் எதையும் பார்க்கவே வேண்டாம். பிறந்தநாள், தீபாவளி, பொங்கல் என்று தேதி வந்ததும், யோசனைகளில் முதலில் நிற்கிற பொருள் தானாகவே கிளம்பிப் போய்விடும். பணம் அவர் கார்டிலிருந்து கழிந்துவிடும். அட்லாண்டாவில் இருந்த பத்ரி என்பவர் அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தார். பொருள் போய்ச் சேர வேண்டிய விலாசம் சிட்லபாக்கம். பெறுபவர் பெயர் அபிதகுஜாம்பாள், அம்மா.

பொருள் போய்ச் சேர்ந்த மறுநாள் பெரியவர்களுக்கு போன் செய்து, 'வந்ததா, நன்றாக இருந்ததா' என்று கேட்பதும் ஜஹீராவின் வேலைதான். அப்படித்தான் அந்த மாமியின் குரல் அவளுக்குப் பழக்கமானது.

தானாக முதல் தடவை போனது ஒரு கரடி பொம்மை. பத்ரி அதற்கு முன் ஒரு கேக் அனுப்பியிருந்தார்; கேக் வாங்குகிறவர்கள் கரடி பொம்மையும் வாங்குவார்கள் என்பது சாஃப்ட்வேரின் கணக்கு. எழுபதை நெருங்கும் அம்மாவுக்குக் கரடி போயிருப்பதைப் பார்த்து, திட்டு வாங்கத் தயாராகத்தான் ஜஹீரா போன் செய்தாள்.

"மேடம், பார்சல் வந்துச்சுங்களா?"

"வந்துடுத்தும்மா. சோபால உக்காத்தி வெச்சிருக்கேன். உனக்குத் தெரியுமோ, இவன் சின்னவனா இருக்கறச்சே ஜூவுக்கு அழைச்சுண்டு போனோம். கரடியைப் பார்த்துட்டு அப்படி ஒரு அழுகை. அவர் தோள்ல தூக்கிண்டே சுத்தினார். நான் அதை மறந்தே போயிட்டேன். அவன் ஞாபகம் வெச்சுண்டிருக்கான் பாரேன்."

கம்ப்யூட்டர் செய்தது என்று ஜஹீரா சொல்லவில்லை. "ஆமாங்க மேடம்" என்றாள்.

அடுத்த தடவை வாசனை மெழுகுவர்த்தி போனது. "இங்க ராத்திரியானா கரண்ட் போயிடறதுடான்னு போன்ல சொன்னேன். மனசுல வெச்சுண்டு அனுப்பிருக்கான். வாசனைதான் கொஞ்சம் தலைவலிக்கறது" என்றாள் மாமி. எது போனாலும் அதில் மகனுடைய நினைவு ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவாள். கணவர் யக்ஞநாராயணன் ஏஜீஸ் ஆபீசில் இருந்து ரிட்டயராகி, காலமாகி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டில் மாமி மட்டும்தான். பத்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான்.

பேச்சு முடிகிற நேரத்தில் மாமி எப்போதும், "நீ சாப்டியாம்மா?" என்று கேட்பாள். ஜஹீராவை யாரும் அப்படிக் கேட்டு நாளாகியிருந்தது. கல்யாணமாகி ஆம்பூருக்குப் போனவள், அந்தக் கல்யாணம் நிலைக்காமல் தாம்பரத்துக்கே திரும்பி வந்திருந்தாள். செருப்புக்கடை வைத்திருந்த அத்தா சௌகத் அலி மகளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு எதுவும் பேசியதும் இல்லை. வீட்டில் இருவரும் டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள்.

ஒருநாள் பேச்சுவாக்கில் மாமி சொன்னாள். ஹாலில் இருக்கிற கடிகாரத்தில் மணி தெரியவில்லை, கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று. ஜஹீரா அன்றே பத்ரிக்கு அலுவலக மெயிலிலிருந்து எழுதினாள். 'சார், உங்கள் அம்மாவுக்குப் பெரிய எண் போட்ட கடிகாரம் இருந்தால் உதவியாக இருக்கும்.' பதில் வரவில்லை. மறுபடி ஒன்று எழுதினாள். அதற்கும் இல்லை.

பொங்கல் நெருங்கியது. சாஃப்ட்வேர் மாமிக்காக எடுத்து வைத்திருந்தது ஒரு டஜன் சிவப்பு ரோஜா. ஜஹீரா ஒரு ரூல் எழுதினாள். வழக்கமாக ஆயிரம் பேருக்கு எழுதுவதை ஒரே ஒருவருக்கு எழுதினாள்: சிட்லபாக்கம் அபிதகுஜாம்பாளுக்கு முதல் யோசனை, பெரிய எண் போட்ட சுவர்க் கடிகாரம். விலை பத்ரி சொல்லியிருந்த வரம்புக்குள்தான் இருந்தது.

கடிகாரம் போய்ச் சேர்ந்த மறுநாள் போன் செய்ததும் மாமி எடுத்த எடுப்பில் ஆரம்பித்தாள்.

"நான் அவன்கிட்ட சொல்லவே இல்லை ஜஹீரா. ஒரு வார்த்தை சொல்லலை. எப்படித்தான் தெரிஞ்சுதோ!"

அதன் பிறகு ஜஹீராவால் நிறுத்த முடியவில்லை. போன் அடித்தால் ஹாலுக்கு வருவதற்குள் நின்றுவிடுகிறது என்று மாமி சொன்னாள். அடுத்த பிறந்தநாளுக்குக் கையோடு எடுத்துப்போகிற கார்ட்லெஸ் போன் போனது. மார்கழி வந்தால் விடியற்காலைக் குளிர் தாங்குவதில்லை, கம்பளி குத்துகிறது என்றாள். 2008 தீபாவளிக்கு மெத்தென்ற நீலப் பருத்திப் போர்வை போனது. இரண்டு வருடத்தில் சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருவில் பத்ரியின் பெயர் பிரசித்தமாகிவிட்டது. சாமான் கொண்டுபோகிற வேன் டிரைவர் தனக்கோடி வந்து சொல்வான்: "அந்த மாமி பக்கத்து வூட்டுக்காரங்கள எல்லாம் கூப்ட்டுக் காட்டுதுக்கா. 'என் புள்ள மாதிரி எவனுக்கு வரும்'ன்னு கேக்குது."

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் பிள்ளையிடம் மாமி, "நீ அனுப்பினது வந்துதுடா" என்பாளாம். "சரிம்மா" என்பானாம் அவன். "தான் பண்ணினதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டான், அவர் மாதிரியே" என்று மாமி அதையும் பெருமையாகத்தான் சொல்வாள்.

2008 டிசம்பரில் பக்ரீத்துக்கு ஜஹீரா லீவு எடுத்துக்கொண்டு வேலூரில் சின்னம்மா வீட்டுக்குப் போனாள். அந்த வாரத்தில் பெங்களூர்க்காரர்கள் வந்து சாஃப்ட்வேரின் புது வெர்ஷனைப் போட்டுவிட்டுப் போனார்கள். பழைய ரூல்கள் எல்லாம் அப்படியே வந்தன, ஒரு சிலவற்றைத் தவிர. ஒரே ஒரு ஆளுக்காக எழுதப்பட்ட ரூல்களை அது யாரோ சோதித்துப் பார்க்க எழுதியவை என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

லீவு முடிந்து வந்த அன்று ஜஹீரா முதல் வேலையாகப் போன்களை ஆரம்பித்தாள். மாமியின் பிறந்தநாள் முந்தின நாள்தான் போயிருந்தது. என்ன போனது என்று பார்க்காமலே எண்ணை அழுத்தினாள். அவள் ஊருக்குப் போகுமுன் வென்னீர்ப் பை என்று எழுதி வைத்திருந்தாள்.

"ஜஹீரா! உன் போனுக்காகத்தான் காத்துண்டிருக்கேன்!" மாமிக்கு மூச்சு வாங்கியது. "நான் பாட்டியாகப் போறேன்!"

"அப்படியா மாமி! சார் சொன்னாரா?"

"வாயைத் திறந்து சொல்வானா அவன்? கொழந்தைக்குப் பால் புகட்ட வெள்ளிப் பாலாடை அனுப்பிருக்கான்! அவனுக்கும் ஸஹானாவுக்கும் கல்யாணமாகி ஏழு வருஷமா நான் வேண்டாத தெய்வம் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மருக்குப் போன மாசம்தான் விளக்கு போட்டுட்டு வந்தேன். காலம்பற ஒம்பது மணிக்கு அங்க போன் பண்ணினேன், அங்க ராத்திரி, எடுக்கலை. மெஷின்ல பேசி வெச்சிருக்கேன். எழுந்ததும் கூப்பிடுவான். பாயசம் பண்ணித் தெருவுக்கே கொடுத்துட்டேன்."

ஜஹீரா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திரையில் இருந்தது. 'மெத்தென்ற பருத்திப் போர்வை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்: வெள்ளிப் பாலாடை.' அந்தப் போர்வையை மற்றவர்கள் எல்லோரும் பிறந்த குழந்தைக்குத்தான் வாங்கியிருந்தார்கள்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமி."

"சாப்டியோ?"

ஜஹீரா போனை வைத்துவிட்டாள். பத்ரியின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள். பதிவுக் குரல்தான் வந்தது. அவசரம் என்று மேலே போட்டு ஒரு மெயில் எழுதினாள். இதற்கு முன் எழுதியவை போன இடத்துக்கே இதுவும் போகும் என்று எழுதும்போதே தெரிந்தது. மத்தியானம் முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. கடைசியில் முதாசிரிடம், "சார், ஒரு டெலிவரி தப்பாப் போயிருக்கு. நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

இரண்டு வருடம் பேசியிருந்தாலும் மாமியை அவள் பார்த்ததில்லை. வாசலில் நின்று 'மாமி' என்று கூப்பிட்டாள். கிரில் கதவைத் திறந்தவள் அவள் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஜஹீராவா! குரலைக் கேட்டதும் தெரிஞ்சுடுத்து. நல்ல நாளாப் பார்த்துதான் வந்திருக்கே" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். சோபாவில் கரடி உட்கார்ந்திருந்தது, தூசு படாமல் அதன் மேல் ஒரு துண்டு போட்டிருந்தாள். சுவரில் கடிகாரம். ஊஞ்சல் பலகையில் நீலப் போர்வை மடித்து வைத்திருந்தது. சுவாமி படத்துக்கு முன்னால் குங்குமம் இட்ட பாலாடை.

மாமி பாயசத்தை டம்ளரில் ஊற்றி வந்து கொடுத்தாள். ஜஹீரா அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாமி, அந்தப் பாலாடை தப்பா வந்துடுச்சு. சார் அனுப்பலை. எங்க கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு. வேற ஒண்ணு வர வேண்டியது."

மாமி சிரித்தபடியே இருந்தாள், பாதி கேட்டவள் போல. பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"தப்பான்னா?"

"ஆமா மாமி. எங்க தப்பு. மன்னிச்சிடுங்க."

மாமி சுவாமி படத்தைப் பார்த்தாள். "எல்லாருக்கும் பாயசம் கொடுத்துட்டேனே" என்றாள் மெதுவாக. பிறகு, "அப்போ மத்ததெல்லாம்? போர்வை, கடிகாரம்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் சார்தான்" என்றாள் ஜஹீரா.

அப்போது போன் அடித்தது. அந்த கார்ட்லெஸ் போன் மாமியின் மடியிலேயே இருந்தது.

"பத்ரி... ஆமாண்டா. இல்லைடா, அது கடைக்காரா பண்ணின தப்பாம், இப்பத்தான் அந்தப் பொண்ணு வந்து சொன்னா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். நான் பேசி வெச்சதை ஸஹானா கேட்டுட்டாளோ? சங்கடப்பட்டிருப்பா பாவம். அவகிட்ட குடு, நானே சொல்..."

பேச்சு நின்றது. மறுமுனையில் பத்ரி நீளமாக ஏதோ சொன்னான். ஜஹீராவுக்கு வார்த்தை எதுவும் கேட்கவில்லை. மாமியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸஹானா அங்க இல்லையா?... எப்போலேர்ந்து?... மார்ச்சா?"

மறுபடி அங்கிருந்து பேச்சு.

"ஏண்டா எங்கிட்ட சொல்லலை?... சரி... சாப்பாட்டுக்கு என்னடா பண்றே?... தினமும் வெளியிலயா?... அழாதே. பத்ரி, அழாதேடா."

மாமி புடவைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை கஷ்டத்துலயும் எனக்குக் குளிருமேன்னு போர்வை அனுப்பினியே... எந்தப் போர்வையா? நீ அனுப்பினது. நீலம்." அவள் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். "தானா போறதுன்னா?... டிக்கா?... ஓ."

ஊஞ்சலில் இருந்த போர்வையைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி. சரிடா. ஆபீசுக்கு நாழியாறது உனக்கு. போ. ஏதாவது சாப்ட்டுட்டுப் போ."

போனை மடியில் வைத்தாள். வெளியே யாரோ தெருவில் கீரை விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் கோடி வீடு வரை போய்த் தேய்ந்தது.

"போர்வை நீ அனுப்பினதா?"

ஜஹீரா தலையாட்டினாள்.

"கடிகாரம்?"

"நானு. போனும் நான்தான் மாமி. பணம் சார் பணம்தான். எதுன்னு முடிவு பண்ணினது நான்."

"கரடி?"

"அது கம்ப்யூட்டர்."

மாமி சோபாவில் இருந்த கரடியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஜஹீரா எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மாமி எழுந்து அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"உன்னை நான் என்ன சொல்றது? நீ நல்லதுதான் நெனச்சே. ஆனா ரெண்டு வருஷமா எனக்கு ஒரு பிள்ளை இருந்தான் ஜஹீரா. எனக்கு என்ன வேணும்னு சொல்லாமலே தெரிஞ்ச பிள்ளை. தெருவெல்லாம் அவனைப் பத்திப் பேசிண்டு திரிஞ்சேன். இன்னிக்கு அவன் போயிட்டான். யார்கிட்ட போய் அழறது? அவன் இருந்ததே இல்லையே."

ஜஹீராவுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுவதை மாமி பார்த்துக்கொண்டு நின்றாள், தேற்றவில்லை.

"அங்க நெஜமா இருந்த பிள்ளை மார்ச்லேர்ந்து ஒண்டியா கிடந்திருக்கான். அது எனக்குத் தெரியலை. நல்லாதான் இருக்கான், எல்லாம் யோசிச்சு யோசிச்சு அனுப்பறானேன்னு இருந்துட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமையாவது 'ஏண்டா குரல் ஒரு மாதிரி இருக்கு'ன்னு கேட்டிருப்பேனே."

"நானும் எங்க அத்தாகிட்ட சொல்லலை மாமி" என்றாள் ஜஹீரா. "என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனப்புறம் எட்டு மாசம் ஆம்பூர்லயே இருந்தேன். போன் பண்றப்பல்லாம் நல்லாருக்கேன்னே சொன்னேன். அவங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சிடுவாங்கன்னு. வேற ஒண்ணும் இல்லை. சாரும் அப்படித்தான் இருப்பார்."

மாமி முதல்முறையாக அவளைச் சரியாகப் பார்த்தாள். இத்தனை நாள் பேசியும் இது மாமிக்குத் தெரியாது. சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள், அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்க வாயெடுத்தவள் போல உதடு அசைந்தது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"இனிமே எதுவும் அனுப்பாதேம்மா" என்றாள். "போனும் பண்ண வேண்டாம். இந்தப் பாலாடையை எடுத்துண்டு போயிடு. என்னால பார்க்க முடியாது."

குங்குமத்தைத் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஜஹீரா கிளம்பினாள். கிரில் கதவைச் சாத்தும்போது பக்கத்து வீட்டு அம்மாள் காம்பவுண்டு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம், மாமி பாயசம் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். ஜஹீரா பதில் சொல்லாமல் ஸ்டேஷன் வரை நடந்தாள்.

இரண்டு நாளில் பத்ரியிடமிருந்து முதாசிருக்கு மெயில் வந்தது. கோபமாகத்தான் ஆரம்பித்திருந்தது, முடிவில் கோபம் இல்லை. உங்கள் மெயில்கள் எல்லாமே விளம்பரம் போலவே வந்ததால் ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை, அது என் தப்பும்தான் என்று எழுதியிருந்தான். கணக்கை மூடச் சொல்லியிருந்தான். முதாசிர் ஜஹீராவைக் கூப்பிட்டு நடந்ததை முழுக்கக் கேட்டார். "நீ பண்ணது எனக்குப் புரியுதும்மா. ஆனா கஸ்டமருக்குத் தெரியாம அவர் பேர்ல நாம யோசிக்கக் கூடாது" என்றார். தனி ஆளுக்கு ரூல் எழுத முடியாதபடி பெங்களூர்க்காரர்களிடம் சொல்லி அந்த வசதியை எடுத்துவிட்டார்.

ஜஹீரா வேலையில் இருந்தாள். அந்தப் பொங்கலுக்கு அபிதகுஜாம்பாளின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. போன்களை முடித்துவிட்டு, இன்னும் யாரையோ கூப்பிட வேண்டியிருப்பது போல ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சாப்பிடும்போது அத்தாவிடம், டிவியை நிறுத்திவிட்டு, ஆம்பூரில் நடந்ததைச் சொன்னாள். சௌகத் அலி தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "தெரியும்மா" என்றார். "உன் குரல்லயே தெரிஞ்சுது. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்." அதற்கு மேல் இருவராலும் சாப்பிட முடியவில்லை.

கோடையில் ஒரு மத்தியானம் அலுவலக போன் அடித்தது. மாமி.

"ஜஹீராவா? ஒரு விஷயம் கேக்கணும். இங்கேர்ந்து அங்க அனுப்ப முடியுமோ? அட்லாண்டாவுக்கு?"

"நாங்க இங்க மட்டும்தான் மாமி. வெளிநாட்டுக்கு இல்லை."

"ஓ. சரி."

வைத்துவிடுவாள் என்று ஜஹீரா நினைத்தாள். மாமி வைக்கவில்லை.

"இப்போ தினம் பேசறான். முதல்ல எல்லாம் அழுவான். இப்போ அழறதில்லை. ஆனா பேச ஒண்ணும் இல்லை எங்களுக்கு. 'சாப்டியா'ன்னு நான் கேப்பேன், 'நீ சாப்டியா'ன்னு அவன் கேப்பான், அப்புறம் சும்மா இருப்போம். அவன் பொறந்தநாள் வரது. ஏதாவது அனுப்பலாம்னு உக்காந்து யோசிச்சேன். அவனுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியலை, ஜஹீரா. காலேஜ் போறச்சே பால்கோவா பிடிக்கும். அதுக்கப்புறம் எதுவும் தெரியலை. ஒரு கலர்கூடத் தெரியலை."

ஜஹீராவின் எதிரே திரை இருந்தது. அதில் பத்ரி என்று தேடினால் இப்போதும் எதுவாவது வந்திருக்கும், அவன் வயது ஆண்கள் என்னென்ன வாங்கினார்கள் என்று. அவள் அதைத் தொடவில்லை.

"அவரையே கேளுங்க மாமி."

"கேக்கலாமா? அம்மாவுக்கு இதுகூடத் தெரியலையேன்னு நெனச்சுக்க மாட்டானோ?"

"நெனச்சுக்கட்டும். கேளுங்க."

"கேக்கறேன்" என்றாள் மாமி.